பூபதிராஜாவின் இடக்கை

ஈரத்தில் பெயர் அழிந்த இரண்டு இலைப் பொட்டலங்களுக்கு நினைவிலிருந்து பெயர் எழுதிய பதினோராம் நாள், தோட்டங்களில் நோய் பார்க்கும் அரசு அலுவலர் பூபதிராஜாவின் இடக்கையில் ஏலச்செடியின் வைரஸ் நோய் கண்டது. இளம் இலையில் நரம்பையொட்டி ஓடுமே, அதே வெளிர்பச்சைக் கோடுகள், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. சின்னக்கானலில் சோதனைக்கு இலை பறித்த அன்று மூடுபனி. பொட்டலம் கட்டியது செய்தித்தாளில், எழுதியது மைப்பேனாவால். கொழிஞ்சாம்பாறையின் காய்ந்த காற்றில் வளர்ந்தவருக்கு, காகிதம் சும்மா இருந்தே நனையும் என்பது தெரியாது. தன் ஞாபகசக்தியைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது இல்லை.

சோதனைக்கூடம் தன் வேலையைப் பிழையின்றிச் செய்தது. வைரஸ் இருந்த பொட்டலத்தின் மேல் சின்னத்தாயின் பெயர் இருந்தது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிவிட்டு அவர் வைத்த அரை ஏக்கர் ஏலம், காய் பிடித்த நேரத்தில் தூரோடு பிடுங்கி எரிக்கப்பட்டது. உண்மையில் நோய் இருந்த நஞ்சப்பனின் தோட்டம் சுத்தமென்று சான்றிதழ் பெற்றது. சுற்றுவட்டாரமே அங்கிருந்து கன்று வாங்கி நட்டது. அசுவினிப் பூச்சிகூட அத்தனை வேகமாக நோயைப் பரப்பியதில்லை.

பெயர் மாறிப்போனதைக் காட்டிக்கொடுத்தது கைதான். நோயுள்ள தூரின் அருகே போனால் கோடு எழும், விலகினால் மறையும். செடியில் தெரிய மாதக்கணக்காகும்; கைக்கு அரை நிமிஷம். நஞ்சப்பன் தோட்டத்தில் முழங்கைவரை பச்சை பூத்தது. சின்னத்தாயின் சாம்பல் மேட்டில், வேலியோரம் எரிக்கத் தவறிய ஒரே தூரின் பக்கத்தில், கை வெறும் கையாக இருந்தது. பூபதிராஜா அங்கேயே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். "டீ போடவா சார்?" என்றார் சின்னத்தாய்.

விசாரணையில் மூடுபனியே குற்றவாளி என்று முடிவாயிற்று. அலுவலகம் கையை உபகரணப் பதிவேட்டில் ஏற்றியது. வருஷத்துக்கொருமுறை தணிக்கைக்காரர் வந்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். தங்கள் தோட்டத்து நோய் விருந்தாளிகளுக்குத் தெரிந்துவிடாமலிருக்க, கல்யாணங்களுக்கு முழுக்கைச் சட்டை போட்டு வரும்படி ஏலத்தோட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

வருஷம் தவறாமல் பூபதிராஜா சின்னத்தாயின் வாசலில் நின்றார். "ஏனுங்கக்கா, எம்மேல கோவமுங்களா?"

முதல் வருஷம், "மழையப் பாத்தீகளா சார், என்னா அடி அடிக்குது." அடுத்த வருஷம், "ஒங்க வீட்டம்மா சொகமா இருக்காகளா?"

இந்த ஆனியில் சின்னத்தாய் வேலியோரம் குனிந்து, தப்பிப் பிழைத்த அந்த ஒற்றைத் தூரைப் பிரித்துக் கன்றுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பூபதிராஜா வழக்கம்போல் கேட்டார். அவர் நிமிர்ந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏறிட்டுப் பார்த்தார்.

"இருக்கு சார். நான் சாவுற வரைக்கும் இருக்கும். இனி அதக் கேட்டுக்கிட்டு வராதீக." மண் ஒட்டிய விரலால் கன்றுகளைக் காட்டினார். "நாளைக்கு நடணும். கைய நீட்டுங்க, பாத்துருவோம்."

பூபதிராஜா சட்டைக் கையை மடித்துவிட்டு முதல் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தார்.