மணிக்கட்டு

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கை கொடுக்க வந்த வெர்ன் கிழவர் கோட்டுக் கையை மேலே ஏற்றிவிட்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி நீட்டினார். நீட்டிய பிறகுதான் எதிரே நிற்பது டாக்டர் அல்ல, டாக்டரின் மகள் என்பது அவருக்கு உறைத்தது.

"மன்னிச்சிக்கம்மா மார்னா. நாப்பது வருசப் பழக்கம். கை தானா திரும்பிக்குது."

"பரவாயில்ல" என்றாள் மார்னா. காலையிலிருந்து எத்தனை பேர் இப்படி நீட்டிவிட்டார்கள்!

டாக்டர் ஹால்வர் யாருக்கும் வெறுமனே கை கொடுத்தவர் இல்லை. தபால் நிலையத்திலோ, கோதுமைக் கிடங்கின் வாசலிலோ, இதே தேவாலயத்துப் படியிலோ, எங்கே கண்டாலும் கை குலுக்குவதுபோல் பிடித்து, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்துவிடுவார். மழை வருமா வராதா என்று பேசிக்கொண்டே நாடி பார்ப்பார். பிறகு கையை விட்டுவிட்டு, "திங்கக்கிழமை வந்து என்னைப் பாரு" என்பார், அல்லது ஒன்றும் சொல்ல மாட்டார். ஒன்றும் சொல்லாவிட்டால் அந்த வாரம் நிம்மதி. அந்த வடக்கு டகோட்டா ஊரில் அவரைக் கண்டதும் சட்டைக் கையை ஏற்றாத ஆள் கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். மார்னா மினியாபொலிஸிலிருந்து காரை ஓட்டி வந்தாள். வழியில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. பழைய வயிற்றெரிச்சல் ஒன்றுதான் கூடவே வந்தது.

மற்ற அப்பாக்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்தார்கள். அவளுடைய அப்பா மணிக்கட்டைப் பிடித்துத்தான் நடந்தார். பனியில் பள்ளிக்கூடம் போகும்போதும் கையுறைக்கும் கோட்டுக் கைக்கும் நடுவில் விரலை நுழைத்துக்கொள்வார். ஊருக்குக் கொடுத்ததைத்தான் தனக்கும் கொடுத்தார் என்று அவளுக்கு எப்போதோ பட்டுவிட்டது. நான் மகளா, இன்னொரு நோயாளியா? ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். இனி யாரைக் கேட்பது?

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா ஆர்லிஸ் அவளுடைய கோட்டு நுனியை இழுத்தாள். "மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சுக்காதடி. எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காங்க, பாவம்."

"அவங்க கடைசியா ஒருதரம் நாடி பாத்துக்க வந்திருக்காங்கம்மா."

"வரட்டுமே. அவருக்கும் அதுதான் பிடிக்கும்" என்றாள் அம்மா. சிரிக்கப் போனவள் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தாள்.

அடுத்து டெல்லா, பிடித்து நடக்கும் நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுக்காரி.

"கீழ்த்தளத்துல உருளைக்கிழங்கும் இறைச்சியும் சுட்டு வச்சிருக்கேன். பாத்திரத்துக்கு அடியில பேரு ஒட்டியிருக்கு, மறக்காம திருப்பிக் குடுத்துரு" என்றவள், கையை நீட்டித் திருப்பினாள். தவறுதலாக அல்ல. "என்ன முழிக்கிற? பாரு."

"எனக்கு இதெல்லாம் தெரியாது டெல்லா ஆன்ட்டி. நான் பேங்குல வேலை பாக்குறவ."

"உனக்கா தெரியாது? தினமும் அவரு பிடிச்சிட்டுப் போன கைதானே உன்னோடது."

"எல்லாருக்கும் பிடிச்ச மாதிரிதானே எனக்கும் பிடிச்சாரு." வெடுக்கென்றுதான் வந்தது.

டெல்லா நடைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடி பைத்தியக்காரி. எங்களுக்கெல்லாம் எண்ணி முடிச்சதும் பட்டுனு விட்டுருவாரு. இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்க மாட்டாரான்னு இருக்கும். உன்னை மட்டும் தெரு முனையிலேருந்து பள்ளிக்கூட கேட்டு வரைக்கும் விட்டதே இல்ல. பாத்திரம் கழுவிக்கிட்டே ஜன்னல் வழியா பாப்பேன். அவ்வளவு நேரம் எண்ணுறதுக்கு அந்தக் குட்டிக் கையில என்னடி இருக்கு?"

மார்னா டெல்லாவின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"கட்டை விரல் பக்கம் தள்ளி வை" என்றாள் டெல்லா.

பிறகு கிடைத்தது.

வரிசை நகரவில்லை. யாரோ இருமினார்கள். அடக்கத்தை நடத்த வந்திருந்தவர் பெட்டியின் தலைமாட்டில் நின்று, நேரமாகிறது என்று கண்ணாலேயே சொன்னார். மார்னா விரலை எடுக்கவில்லை. எண்ணவும் இல்லை. டெல்லாவுக்குப் பின்னால் நின்றவர் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார்.