கைச்செலவுக்குக் கொடுத்தது

மகனுக்குக் கைச்செலவுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவள்தான்; ஆனாலும் தகப்பன் விட்டுவிட்டுப் போன பிள்ளை நாலு பேர் எதிரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது என்று நினைத்தாள். போகப் போக அவன் தோள் அகன்றது, குரல் தடித்தது. ஒருநாள் 'இல்லை' என்றாள். அவன் கண்ணாடியைக் குத்தி உடைத்தான். அடுத்த முறை அவள் முதுகில் குத்தினான். அதன்பிறகு அவன் வாயைத் திறக்கும் முன்பே அவள் பணப்பையைத் திறந்தாள்.

"கேட்டதெல்லாம் கொடுத்துப் பையனைக் குட்டிச்சுவராக்குற" என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். சிரித்து மழுப்பினாள். பெற்ற பிள்ளைக்குப் பயந்து கொடுக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வாள்?

ஒரு மதியம், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து அவன் கடைக்கே வந்து நின்றான்.

"பசங்களோட வெளிய போறேன். காசு எடு."

"காலையிலதானேடா கொடுத்தேன்?"

"தீர்ந்துடுச்சு. கல்லாவுல இருக்குல்ல?"

"அது முதலாளி காசு. அதுல கைய வச்சே, நம்ம சோத்துல மண்ணு விழுந்துடும்."

அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையை மேசையில் மோதினான். மூக்கிலிருந்து கொட்டிய ரத்தம், மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டைகளை நனைத்தது. அந்த நேரத்தில்தான் மகள் சாப்பாடு கொண்டுவந்தாள். பதின்மூன்று வயது, வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பாத்திரத்தைப் போட்டுவிட்டு, "விடுடா அம்மாவ!" என்று அண்ணன் கையைக் கடித்தாள். அவன் அவளை உதறி எறிந்தான். சுவரில் மோதியவளின் தோள் இறங்கித் தொங்கியது. கத்தக்கூட முடியாமல் சரிந்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லாவை இழுத்தான்.

அம்மாவுக்கு அதற்கு மேல் யோசனை ஓடவில்லை. சூடாக இருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் கைமேல் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கி நாறியது. "அம்மா! அம்மா!" என்று அலறினான். அவள் உடனே எடுக்கவில்லை.

இரண்டு பிள்ளைகளையும் ஒரே வண்டியில் ஏற்றி, நடுவில் தான் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"கை தவறிப் பட்டுடுச்சு" என்று மகன் டாக்டரிடம் முனகினான்.

"தவறல டாக்டர். நான்தான் சுட்டேன். என் மூக்க உடைச்சதும், பொண்ணு தோள இறக்குனதும் இவன். ரெண்டையும் எழுதுங்க. போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க."

போலீஸ் வந்தது, அவளையும் விசாரித்தது, அவனையும் விசாரித்தது. கடைசியில் அவளுடைய அண்ணன், "என்கிட்ட விடு" என்று மருமகனைத் தன் டயர் கடைக்குக் கூட்டிப்போனார். அவன் கையில் இரண்டு விரல்கள் சரியாக மடங்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

தோள் ஆறிய பிறகு ஒருநாள் வாலு, "கைச்செலவுக்கு எனக்கும் ஏதாவது கொடும்மா" என்றாள். அம்மா ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"இந்த வாரம் இல்லடி" என்றாள், மகளின் கையைப் பார்த்தபடி.

"எப்பப் பார்த்தாலும் இல்லதான்!" வாலு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.