பஞ்சு வைத்த கன்னம்

ஸ்கேன் படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுத்துப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை எடுக்கும் பெயின்டரின் இரண்டு கன்னங்களுக்குள்ளும் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது.

"ஏன்க்கா, வாயில சாப்பாட்டோடயா மெஷின்ல படுக்க வச்சீங்க?"

"சாப்பாடாம் சாப்பாடு! அந்த மனுஷன் எச்சில் முழுங்கவே உயிர் போய் உயிர் வருது," என்றாள் மெஷின் இயக்கும் அக்கா.

பெயின்டரைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார்கள். உருட்டிய பஞ்சு. உள்ளெல்லாம் புண், கதிர் பட்டு வெந்த வாய். அந்த வாயில் தினமும் பஞ்சை எப்படித்தான் திணித்தாரோ. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எதற்கென்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கதிர் போகும்போது தலை அசையாமலிருக்க, ஒவ்வொருவர் முகத்தையும் அச்செடுத்த மாதிரி வலை முகமூடி ஒன்று செய்து மாட்டுவார்கள். இளைத்து முகமூடி தொளதொளத்தால் புதிது செய்ய வேண்டும். பெயின்டர் இளைத்ததை மறைத்திருக்கிறார்.

அந்தப் பிரிவில் கணக்குப் போடுவது அவள் வேலை. கட்டிக்கு எவ்வளவு கதிர் போனால் சாகும், பக்கத்திலிருக்கும் தண்டுவடம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் பார்த்துப் போட்டிருந்தாள். ஆனால் அது சதை இருந்த கழுத்துக்குப் போட்ட கணக்கு. கழுத்து மெலிந்தபின் அதே கதிர் தண்டுவடத்தில் கூடுதலாக விழும். புதுப் படத்தை வைத்துத் திரும்பப் போட்டாள். இதுவரை தப்பித்தார். இப்படியே கடைசிவரை போனால் எல்லை தாண்டும்.

பெரிய டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள்தானேம்மா. அப்படியே முடிச்சுடலாம்."

"அப்படியே முடிச்சா அவர் நடையும் முடிஞ்சுடும் சார்."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்."

"போடுங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

அவர் பெருமூச்சு விட்டார். "சரி, அந்த ஆள் சம்மதிச்சா மாத்து. யாரு மல்லுக்கட்டுறது."

பெயின்டர் சம்மதிக்கவில்லை. "புது மாஸ்க் வேணாம்மா. பழசுலயே வைங்க. இல்லையா, நான் வீட்டுக்குப் போறேன்."

பாதியில் விட்டால் கட்டி மறுபடி தலைதூக்கும். அவளுக்குக் குரல் உயர்ந்தது. "என்னண்ணா விளையாடுறீங்களா? அப்படி என்ன பயம்?"

"தையல்கார அம்மாவுக்குப் புது மாஸ்க் போட்டீங்க. மறுநாள்லேருந்து ஆளைக் காணோம். லாரிக்காரருக்குப் போட்டீங்க. அவரும் வரலை. காலையில உக்காந்திருக்கிற எங்க எல்லாருக்கும் தெரியும்மா. கைவிட்ட கேஸுக்குத்தான் புதுசு."

கணக்கு மாறியவர்களைப் பக்கத்துக் கட்டட மெஷினுக்கு, மத்தியான நேரத்துக்கு மாற்றிவிடுவது வழக்கம். மாறுகிறவர்களிடம் சொல்வார்கள். மிச்சமிருப்பவர்களிடம் யார் சொன்னார்கள்? அவளும்தான் சொல்லவில்லை. வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள். வெள்ளைக் கோட்டுக்காரர்கள் எதையும் விளக்க மாட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திட்டியவள்.

"மத்தியானம்வரை இருங்கண்ணா. அப்புறம் வீட்டுக்குப் போங்க, நான் தடுக்கலை."

மத்தியானம் அவரைப் பக்கத்துக் கட்டடத்துக்கு அழைத்துப்போனாள். கழுத்தில் துப்பட்டா சுற்றி உட்கார்ந்திருந்த தையல்கார அம்மா சடாரென்று எழுந்தாள்.

"அட, பெயின்டரே! இருக்கீங்களா?"

"நீங்க இருக்கீங்களா?"

"எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

பெயின்டர் சிரிக்கப் பார்த்தார். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நின்றது. வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "லாரிக்காரரு?"

தையல்கார அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு வருவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் ஆகிவிடும். அது கணக்குப் போட்டவளின் நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லண்ணா. போயிட்டார். மாஸ்க்கால இல்ல. நோய் நுரையீரலுக்குப் போயிடுச்சு."

அவர் சுவரில் கைவைத்து நின்றார்.

"ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, அப்புறம் உங்க தண்டுவடத்தைப் பத்தி நான் சொல்றதை எப்படி நம்புவீங்க?"

அவர் சுவரிலிருந்து கையை எடுத்து, "எங்க படுக்கணும்?" என்றார்.

வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை அவர் முகத்தில் விரித்து, ஒட்டிய கன்னத்தின் பள்ளம்வரை அக்கா விரலால் அழுத்தினாள். அது இறுகியதும் கழற்றினார்கள். பெயின்டர் எழுந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குக் காலையில அங்க எனக்குச் சங்கு ஊதிடுவாங்க."

மறுநாள் காலை, காலை நேரத்துக்காரர்கள் காத்திருக்கும் கூடத்துக்கு அவளே போனாள். இரண்டு மெஷின், இரண்டு நேரம், முகமூடி எதற்கு மாறுகிறது, எல்லாவற்றையும் சொன்னாள். லாரிக்காரரையும் மறைக்கவில்லை. பெயின்டர், புதுக் கணக்கு முடிந்ததும், மத்தியானத்தில் வருவார் என்றாள்.

யாரும் உடனே நம்பிவிடவில்லை. அன்றிலிருந்து ஒரு கிழவர் மட்டும், தன் முறை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், பக்கத்துக் கட்டட வாசலில் மத்தியானம்வரை காத்துக்கிடந்தார்.