ஸ்பீக்கரில் போடு

காவியா போனது வெளிநாடே இல்லை என்று அமுதவல்லி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்கூடக் கேட்காத நேபாளம் என்ன வெளிநாடு? ஓட்டர் ஐடியைக் காட்டினால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிறான். இண்டூரில் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காவியாவின் அப்பா வீரமணி, அமுதாவுக்குச் சித்தப்பா, டீக்கடையில் உட்கார்ந்து, "பாப்பா ஃபாரின்ல இருக்குது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா தங்கை இருவருக்கும் பாலக்கோட்டில் ஒரே விதைக் கம்பெனியில் தக்காளித் தோட்டம் சுற்றுகிற வேலை. அமுதா பி.எஸ்ஸி. முதல் வகுப்பு, அந்த வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். காவியா அரியர் மேல் அரியர் வைத்துக் கரையேறியவள். காத்மாண்டு பயிற்சிக்கு இருவர் பெயரும் வந்தது. சித்தப்பா சரி என்றார். அமுதாவின் அப்பா கிருஷ்ணப்பன், "வயசுப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப எனக்கென்ன கிறுக்கா?" என்றார். அதோடு முடிந்தது.

பனிமலை முன்னால் நின்று காவியா அனுப்பிய படத்தை அமுதா விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் போட்டிருந்த நீல ஸ்வெட்டர் அமுதா தனக்காக வாங்கி வைத்தது. "உனக்கு இங்க எதுக்குடி" என்று சித்தி தீர்த்தம்மாள் வந்து வாங்கிப் போயிருந்தாள்.

பிறகு அந்த நாடு பற்றிக்கொண்டது. எங்கு பார்த்தாலும் வேலைநிறுத்தம், ஊரடங்கு, எரியும் கட்டடங்கள். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். டிவிக்காரனும் அதை வெளிநாடு என்றே சொன்னான். சித்தப்பா வீட்டுக் கூடத்தில் சனம் கூடியது. அரியர்காரி என்று சிரித்தவர்கள்கூட, "தங்கமான புள்ள, பத்திரமா வரணும்" என்றார்கள். அமுதாவுக்கு வயிறு எரிந்தது. ஆபத்துகூட அவளைத்தான் தேடிப்போகிறது.

அப்பாவுக்கோ அன்று தனி மரியாதை. "நானும் அனுப்பியிருந்தா இப்படித்தான் தலையில கை வெச்சி உக்காந்திருப்பேன். பொட்டப்புள்ளைங்க வூட்டத் தாண்டக் கூடாதுன்றது இதுக்குத்தான்" என்றார். நாலு பேர் தலையாட்டினார்கள்.

அமுதாவுக்குத் திக்கென்றது. பெங்களூர் தலைமை அலுவலகத்தில் அவளுக்கு வேலை வந்திருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இதுவரை "பாக்கலாம்" என்றிருந்த அப்பா இனி எங்கே விடப்போகிறார்?

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. காவியா.

அந்த இரண்டு வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. பெண்பிள்ளைக்குப் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, கூடத்தில் எல்லோர் முன்னாலும்தான் பேச வேண்டும். அமுதா முதலில் காதில் வைத்தாள்.

"அக்கா..." ஒரே அழுகை. "ஓட்டலுக்கு எதுத்தாப்புல எரியுதுக்கா. பொகை ரூமுக்குள்ள வருது. எங்கப்பா சொன்னாருன்னு வந்தது தப்பு. இனிமே நான் எங்கியும் போவமாட்டேன்."

"ஸ்பீக்கர்ல போடு" என்றார் அப்பா.

விரல் பொத்தான் மேலேயே நின்றது. அழுத்தினால் போதும். ஃபாரின்காரி என்னுடைய ஸ்வெட்டருக்குள் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவதை ஊரே கேட்கும். நினைக்கவே இனித்தது. ஆனால் 'எங்கியும் போவமாட்டேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை அப்பா சாகும்வரை விடமாட்டார். பெங்களூரும் அதோடு போய்விடும்.

"ஸ்பீக்கர் போச்சிப்பா. தோட்டத்துல மருந்துத் தண்ணி பட்டுடுச்சி" என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "காவியா, கதவச் சாத்து. துணிய நனைச்சி சந்துல வெய்யி. கூட வந்தவங்கள வுட்டுட்டு எங்கியும் போவாத. எம்பசி நம்பர அனுப்பறேன்."

"துணிய எதுக்குடி நனைக்கணும்?" என்றாள் சித்தி.

"தூசியாம் சித்தி."

"அழுவறாளா?"

"அவளா? கேரம் ஆடறா. கூட வந்த ஆளுங்கதான் அழுவறாங்களாம். இவதான் எல்லாருக்கும் தைரியம் சொல்றாளாம்."

"யாருக்கா கேரம் ஆடறது?" என்றது போன்.

"சரி, வெச்சிடு."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீசையைத் தடவினார். "எம்பொண்ணுல்ல."

காவியா ஊர் திரும்புவதற்குள் கேரம் கதை பாலக்கோடு மண்டிவரை போய்விட்டது. அங்கே ஒருவர், அவள் ராணுவத்தோடேயே பேசினாளாம் என்று சேர்த்துக்கொண்டார். வெயிலில் அதே ஸ்வெட்டரோடு வாசலில் நின்றவளுக்கு ஆலம் சுற்ற அமுதாவைத்தான் நிறுத்தினார்கள். மூத்தவள் அவள்தானே.

அப்பா தொண்டையைச் செருமினார். "அரியர் வெச்ச புள்ளையே சமாளிச்சிட்டு வந்திருக்குது. நீயும் பெங்களூருக்குப் போ. ஆனா காவியா மாதிரி தைரியமா இருக்கணும்."

கேட்டது கிடைத்துவிட்டது. அதுவும் காவியா மாதிரி. அந்தத் தைரியசாலிக் காவியாவைத் தன் வாயால் செய்து கொடுத்ததே அமுதாதான். இல்லாத அந்தக் காவியாவைப் பார்த்தும் வயிறு எரிந்தது.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்றாள் காவியா மெதுவாக. கண் இன்னும் வீங்கியிருந்தது.

அமுதா ஆலத் தண்ணீரைத் தொட்டு, தங்கையின் நெற்றியில் தேவைக்கு மேல் அழுத்தி வைத்தாள்.

"ஸ்வெட்டரக் கழட்டிக் குடு. பெங்களூருல குளுரும்."