கையில் கொடுக்காத கத்தி

பேபி என்று பேர் வைத்தவர்களைத்தான் சொல்ல வேண்டும். தொட்டிலில் கிடந்தபோது பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஐம்பது தாண்டி, உலோகவியலில் டாக்டர் பட்டம் வாங்கி, ராணுவத்துக்கான ஆய்வுக்கூடத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கதவுப் பலகையில் 'டாக்டர் பேபி சிலாஸ்' என்றுதான் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்கள். வெளியே வரும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. பாளையங்கோட்டை வாய் அது. செகந்திராபாத்துக்கு வாழ வந்து எத்தனையோ வருஷமாகியும் மழுங்கவில்லை.

வடக்கு எல்லையில் போன குளிர்காலத்தில் மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. மலைமேல் இருக்கிற சிப்பாய்களுக்கு எல்லா வேலைக்கும் ஆகிற மாதிரி ஒரே கத்தி வேண்டும், அடுத்த பனி இறங்குமுன் அது மேலே போய்ச் சேர வேண்டும் என்று அவசர உத்தரவு வந்தது. தேர்ந்தெடுக்க மூன்று பேர். தலைவர் கர்னல் சௌஹான். காலாட்படையிலிருந்து மேஜர் பிரசன்னா. மலையில் காலில் குண்டு பட்டுத் திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் சாய்ந்து நடக்கிற இளைஞர். எஃகைச் சோதித்துச் சொல்ல பேபி.

பேபிக்கு ஒரே மகன், ஜோசியா. கேப்டன். அவனும் அந்த மலையில்தான் இருந்தான். இந்த மூன்று பேர் கைகாட்டுகிற கத்தி எதுவோ, அதுதான் அவன் இடுப்பிலும் தொங்கும். இதை அவனிடம் சொல்ல முடியாது. குழுவில் நடப்பதை வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று உத்தரவு. ஊரில் ஒரு விஷயம் விடாமல் பேசுகிற பேபி, வீட்டுக்காரர் சிலாஸிடம்கூட வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள் என்றால் அது சாமானியமான காரியமில்லை.

மலையிலிருந்து ஜோசியா எப்போதாவது கூப்பிடுவான். செகந்திராபாத்தில் வளர்ந்த பிள்ளை. அவன் பேசுகிற தமிழில் நாலு ஊர்ப் பாஷை கலந்திருக்கும். ஒரு தடவை இவள் சும்மா கேட்பதுபோல, "எய்யா, உனக்குக் கத்தி கித்தி குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஹவ் மம்மி, ஆமா, குடுத்தாங்க. போயிருச்சு. கயிறு கட்ட ரெண்டு கையும் வேணும்ல? கீழ வச்சேன். ஐஸ்ல உருண்டு, ஸ்ட்ரெய்ட்டா பள்ளத்துல. இப்போ டின்னை எல்லாம் கல்லால அடிச்சுத் திறக்கிறோம்" என்று சொல்லிச் சிரித்தான். பேபிக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்த கத்திகளை எல்லாம் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, உறைபனிப் பெட்டியில் வைத்து, சுத்தியலால் அடித்துக் கழித்ததில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஒரு பெரிய கம்பெனி அனுப்பியது. கன்னங்கரேலென்று, முதுகில் ரம்பப் பல், உருண்டு திரண்ட கைப்பிடி, அதன் அடியில் ஒரு திசைகாட்டி வேறு. கையில் எடுத்தால் போதும், தொப்பைக்காரனுக்கும் மார்பு நிமிர்ந்துவிடும். கர்னலுக்கு அதைப் பார்த்த நாளிலிருந்தே அதன்மேல் ஒரு கண்.

இன்னொன்று இதே ஊரில், சனத்நகரில் ஒரு சின்னப் பட்டறை செய்தது. திராட்சைக் கொடி கழிக்கிற கத்தி செய்து பழகியவர்கள். அகலமான அலகு, தடித்த முதுகு, வெறும் பட்டையான கைப்பிடி. எந்த அலங்காரமும் கிடையாது. "இது என் மனைவி கத்திரிக்காய் நறுக்குகிற கத்தி" என்றார் கர்னல். அழகு சோறு போடுமா என்று பேபி மனதுக்குள் நினைத்துக்கொண்டாள். ஆனால் எஃகைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் எஃகைத் தாண்டி மற்றதைச் சொல்ல அவளுக்கு என்ன அதிகாரம்? அதுதான் அவளை அரித்தது.

முடிவெடுக்கிற கூட்டத்தில் கர்னல் உள்ளங்கையை நீட்டி, கறுப்புக் கத்தியைக் கேட்டார். பேபி எடுத்தாள். அவர் கையில் கொடுக்கவில்லை. அவர் முன்னால் இருந்த கோப்புக் கட்டின்மேல் வைத்தாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"என்மேல் கோபமா, டாக்டர்?"

"இல்லை சார். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். கீழே வைப்போம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்."

கர்னல் வாய்விட்டுச் சிரித்தார். "விஞ்ஞானி நீங்கள்! நீங்களே இதை நம்புகிறீர்களா?"

பிரசன்னாகூடச் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். பேபிக்குக் காது மடல் சுட்டது. நம்பிக்கையாவது ஒன்றாவது, கை தானாகச் செய்கிற காரியம். பதில் சொல்ல அவள் வாயைத் திறந்தபோது கோப்புக் கட்டின்மேல் இருந்த கத்தி மெல்ல ஒரு புரள் புரண்டது. உருண்டு, மேஜை விளிம்பைத் தாண்டி, கர்னலின் பூட்ஸுக்கு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் விழுந்தது. கர்னல் துள்ளிக் குதித்தார்.

பேபி சனத்நகர்க் கத்தியை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். அது வைத்தது வைத்தபடி கிடந்தது. கோப்புக் கட்டை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள். அப்போதும் நகரவில்லை. ஐஸில் உருண்டு போன கத்தி அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"சார், மலையில் ஒரு சிப்பாய் கத்தியைக் கையில் பிடித்திருக்கிற நேரத்தைவிடக் கீழே வைக்கிற நேரம்தான் அதிகம். வைத்த இடத்தில் இல்லாத கத்தி, இல்லாத கத்திதான்."

"அதற்குத்தான் கயிறு இருக்கிறதே. மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளட்டும்."

"கையுறையில் சிக்கும் சார்" என்றார் பிரசன்னா தயங்கித் தயங்கி. "முதல் நாளே எல்லாரும் அறுத்துப் போட்டுவிடுவார்கள்." பெரியவர் முன்னால் பேசிவிட்டோமே என்று உடனே வாயை மூடிக்கொண்டார்.

கர்னல் முறுக்கிக்கொண்டார். "ஒரு கோப்புக் கட்டை வைத்து நான் ராணுவத்துக்குக் கத்தி வாங்க மாட்டேன்."

"வேண்டாம் சார். பாறையில் வைத்துப் பார்ப்போம். இந்த ஊரில் பாறைக்கா பஞ்சம்?"

பேபியின் வீடு இருக்கிற அல்வாலுக்கு அந்தப் பக்கம் ராணுவ மைதானத்தில், யானைகள் படுத்திருக்கிற மாதிரிச் சரிந்து கிடக்கும் பாறைகள் உண்டு. புரட்டாசி வெயிலில் அவற்றின்மேல் சிப்பாய்களை ஏற்றினார்கள், அதுவும் பனிக்காலக் கையுறையை மாட்டி. பாவம், வியர்த்துக் கொட்டியது. இரண்டு பேருக்கு ஒரு கத்தி. கயிறு அறுக்க வேண்டும், தகர டின் திறக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், கடைசியில் காயம்பட்டவனாகப் படுத்திருக்கிற ஒருவனின் பூட்ஸை அறுத்துக் கழற்றிக் கட்டுப் போட வேண்டும்.

கயிற்றில் கறுப்புக் கத்தி வெளுத்து வாங்கியது. அந்த ரம்பப் பல் இரண்டு இழுப்பில் வேலையை முடித்தது. சனத்நகர்க் கத்தி இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தது. கர்னல் மீசையைத் தடவிக்கொண்டு பேபியைப் பார்த்தார். அவள் பாறையைப் பார்த்தாள். சொந்தப் பிள்ளையின் பரீட்சைக்கு வெளியே நிற்கிறவள் போல நின்றாள். தோற்றுவிட்டால் கர்னல் சொல்வதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தக் கத்திதான் ஜோசியாவிடம் போகும், அதுவும் ஒரு நாள் பள்ளத்தில் உருளும்.

டின்னிலும் விறகிலும் இரண்டும் ஈடு கொடுத்தன. பிறகு பூட்ஸுக்கு வந்தார்கள். கறுப்புக் கத்திக்காரன் கத்தியைக் கூட்டாளியின் கையில் கொடுத்தான். தடித்த கையுறை, வழுக்கிய வேகத்தில் அலகு கையுறையைக் கிழித்துவிட்டது. நல்ல வேளை, விரலுக்குப் படவில்லை. வாங்கியவன் பூட்ஸின் வாரை அறுத்துவிட்டு, காயத்தை இரண்டு கையாலும் அழுத்துவதற்காகக் கத்தியைப் பாறையில் வைத்தான். அது உருண்டது. சரிவில் டிங் டிங்கென்று தட்டிக்கொண்டே போய்க் கீழே முள்புதரில் விழுந்தது. ஒருவன் அதைத் தேடி இறங்கினான். காயம்பட்டவனாக நடித்தவன் தலையைத் தூக்கி, "நான் செத்துப் போகவா, இருக்கவா?" என்று இந்தியில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

பிரசன்னா மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்துப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே சனத்நகர்க் கத்தி பாறையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. ஒருவன் வைத்தான், மற்றவன் காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டி எடுத்தான். மறுபடி வைத்தான். கத்தி அங்கேயே இருந்தது. கட்டுப் போட்டு முடித்தும் விட்டார்கள்.

"சார்" என்றார் பிரசன்னா. இந்தத் தடவை தயக்கமில்லை. "போன குளிர்காலத்தில் இப்படிப் படுத்துக் கிடந்தது நான். என் ஆள் கத்தியைத் தேடிக்கொண்டிருந்தான். அவன் தேடிக்கொண்டிருந்த நேரம் எனக்குத் தெரியும் சார். என் ஓட்டு டாக்டர் சொன்ன கத்திக்கு."

கர்னல் சௌஹான் சரிவில் ஏறினார். சனத்நகர்க் கத்தியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். என்னதான் சொல்லுங்கள், மனுஷன் பெரிய மனுஷன். இறங்கி வந்து பேபியின் முன்னால் நின்றவர் கத்தியை அவள் கையில் கொடுக்கவில்லை. பக்கத்துப் பாறையில் மெதுவாக வைத்தார்.

"எடுத்துக்கொள்ளுங்கள், டாக்டர். நமக்குள் சண்டை வேண்டாம்."

பேபி எடுத்துக்கொண்டாள். வெயிலில் காய்ந்த கைப்பிடி உள்ளங்கையில் சுட்டது. அவளுக்கு இருந்த பெருமைக்கு அந்தப் பாறைமேல் ஏறி நின்று கத்தியிருப்பாள். கத்தவில்லை. சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

சாயங்காலம் ராமச்சந்திராபுரத்தில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய சிலாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன பேபி, மூஞ்சி இப்படிப் பிரகாசமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. காப்பி குடிக்கியளா?"

"சொல்லக் கூடாத விஷயமா? சரி, கேக்கல." முப்பது வருஷம் அவளோடு குப்பை கொட்டியவர் அவர். கேட்காமலே பாதி தெரியும்.

பனி இறங்கிவிட்டது. ரொம்ப நாள் ஜோசியாவிடமிருந்து சத்தமே இல்லை. கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து இருவரும் வீட்டுக்குள் நுழைகிறபோது சிலாஸின் போன் அடித்தது. வீடியோ. தாடியும் கருத்த மூக்குமாக ஜோசியா. அவனுக்குப் பின்னால் பாறை, ஸ்டவ், கையைத் தேய்த்துக்கொண்டு நாலைந்து பேர்.

"எய்யா! சாப்ட்டியா? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"நல்லா இருக்கேன் மம்மி. சமையல் நடக்குது, பாருங்க." போனைத் திருப்பினான். ஒரு சர்தார் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் கையில் அகலமான அலகு, பட்டைக் கைப்பிடி. பேபி சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புது நைஃப் மம்மி. பாக்க பேக்கார். ஆனா சூப்பர். எங்க வச்சாலும் அங்கேயே இருக்கும். போன மாசம் நம்ம ஆளு ஒருத்தனுக்கு அடிபட்டுச்சு, இதாலதான் பூட்ஸை அறுத்தோம். பொழச்சுட்டான்."

சர்தார் கத்தியைத் துடைத்தார். ஜோசியாவிடம் நீட்டவில்லை. சரிந்த பாறையில் வைத்தார். ஜோசியா எடுத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா? எல்லாருக்கும் உங்க ரூல் பழகிருச்சு. கைல குடுத்தா சண்டை வரும்னு மம்மி சொல்லுவாங்கன்னேன். நக்கோ பா, வேணாம், இருக்கிற சண்டையே போதும்னு அவங்களும் கீழ வைக்க ஆரம்பிச்சுட்டாங்க."

சிலாஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போனில் தெரிந்த கத்தியைப் பார்த்தார். மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"யாரு செலக்ட் பண்ணாங்கன்னு தெரியல" என்றான் ஜோசியா. "எந்த ஆஃபீசர்னாலும் சரி, கண்டிப்பா மலைல கிடந்த ஆளு. அவருக்கு இந்தாங்க, ஒண்ணு." விறைப்பாக நின்று, போனைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தான். பின்னால் இருந்தவர்களும் சிரித்துக்கொண்டே அடித்தார்கள்.

அல்வாலில், கோயிலுக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு, பேபி சோபாவிலிருந்து எழுந்து நின்றாள். நேராக நின்றாள். கண் நிறைந்து தளும்பியது.

"என்ன மம்மி? எதுக்கு எழுந்தீங்க?"

"அடுப்புல பால் வச்சிருக்கேன்யா" என்றாள் பேபி.

அடுப்பு பற்றவைக்கவே இல்லை என்று சிலாஸுக்குத் தெரியும். அவரும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றுகொண்டார்.