வழுக்கி விழுந்தவள்

சட்டைக் காலரில் இஸ்திரி மடிப்பு கோணலாக விழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் அப்பா பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் கத்தினால்கூடப் பயமில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் வீடு நடுங்கும். மூத்தவள் சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு, தங்கையை இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"குட்டி, பாட்டுப் போட்டி வச்சுக்கலாமா? யாரு சத்தமா பாடறாங்கன்னு பாப்போம்."

அடுக்களைச் சத்தம் குட்டியின் காதில் விழக்கூடாதென்று அவள் கண்டுபிடித்த விளையாட்டு அது. முன்பெல்லாம் குட்டி தொண்டை கிழியப் பாடுவாள். இன்று வாயைத் திறக்கவில்லை.

"நீ பாடினாலும் கேக்குதுக்கா."

மூத்தவளுக்கு அழுகை வரவில்லை. கொஞ்ச காலமாகவே அவளுக்கு எதுவும் வருவதில்லை. கல்லூரியில் தோழிகள் சிரித்தால் சிரிப்பாள். சோறு போட்டால் சாப்பிடுவாள். எங்காவது பாத்திரம் விழுந்தால் மட்டும் உடம்பு தூக்கிவாரிப்போடும்.

அம்மாவின் அலறல் கேட்டது. பிறகு அப்பாவின் பைக் கிளம்பிப் போனது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் அவர். கியரைத் தப்பாகப் போட்டாலும் முகம் சுளிக்காத தங்கமான மனுஷன் என்று வெளியில் பேர்.

அடுத்த தெருவிலிருந்து அத்தை ஓடிவந்தாள். அம்மாவின் மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது.

"எங்கண்ணன் கோவக்காரருதான். ஆனா குடிக்கிறாரா, சூதாடுறாரா? வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க அண்ணி. ரெண்டு பொண்ணுங்களைக் கரையேத்த வேணாமா?"

அம்மா தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எப்படிம்மா ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

"பழைய முறிவும் ஒண்ணு தெரியுதே?"

"அதுவும்... வழுக்கித்தான்."

"எங்க அண்ணிக்கு நடையில நிதானமே கிடையாது," என்று அத்தை சிரித்துச் சமாளித்தாள்.

மூத்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்ற குட்டி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குக் கல்யாணம் ஆனா நானும் வழுக்கி விழுவேனாக்கா?"

மூத்தவள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"அம்மா விழலை டாக்டர். அப்பாதான் கையை முறுக்கி உடைச்சாரு. போன தடவையும் அவருதான்."

பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. அம்மாவின் நல்ல கை. அன்றுவரை அவளை அடித்தறியாத கை.

"குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டியேடி, பாவி! இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் தெருவுல நடப்பேன்?"

அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதாள். கை ஒடிந்ததற்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

டாக்டர் சங்கடத்தோடு பேனாவை மூடினார். "வீட்டு விஷயம்... நீங்க பேசித் தீர்த்துக்கறதுதான்..."

"நடந்ததை எழுதுங்க டாக்டர்." கன்னத்தைத் தடவிக்கூடப் பார்க்காமல் மூத்தவள் சொன்னாள். "நீங்க எழுதறவரைக்கும் நாங்க இங்கருந்து போக மாட்டோம்."

ஓரத்தில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு, குட்டி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.