ஐந்நூற்று இருபது மீட்டர்

மலர்வளையம் வாசலில் நுழையவில்லை. பேராசிரியரின் ஓட்டுநர் நேராகத் தள்ளிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். கடைசியில் பக்கவாட்டில் திருப்பி உள்ளே கொண்டுவந்தபோது நாலைந்து பூக்கள் நிலையில் உரசி உதிர்ந்தன. மகள் எழுந்து போய் அவற்றைப் பொறுக்கினாள். வளையத்தின் குறுக்கே ஓடிய பட்டையில் ‘கழிவுக் கிடங்கின் அருகில் வாழ்வோரின் உடல்நல அபாயங்கள் குறித்த நெடுங்கால ஆய்வு’ என்று பொன்னெழுத்தில் இருந்தது. அதற்கே பட்டை தீர்ந்துவிட்டதால் இறந்தவரின் பெயருக்கு இடமில்லை. ஓரத்தில் ஆய்வில் அவருக்குக் கொடுத்த எண்ணை மட்டும் எழுதியிருந்தார்கள்: 212.

அப்பா நடு அறையில் மல்லாந்து கிடந்தார். ஆறு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியவர். படுத்தால் மூச்சு முட்டும். விடியற்காலையில் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஜன்னல்களை யாரும் திறக்கவில்லை. அந்தத் தெருவில் சாவு வீடானாலும் கல்யாண வீடானாலும் ஜன்னல் சாத்தித்தான் இருக்கும்.

மகள் அந்த ஆய்வின் களப்பணியாளர். நான்கு வருடமாக வீடு வீடாகப் போய் இருமல் உண்டா, சளியில் நிறம் உண்டா, தோலில் அரிப்பு உண்டா என்று நூற்றுப் பதினான்கு கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்றம் அடிக்கிறதா என்பது மட்டும் பட்டியலில் கிடையாது. மூக்கை நம்பி அறிவியல் செய்ய முடியாது என்று பேராசிரியர் முதல் கூட்டத்திலேயே அதை அடித்துவிட்டார்.

ஆய்வின் கணக்கு எளிமையானது. குப்பைமேட்டின் கேட்டிலிருந்து ஐந்நூறு மீட்டருக்குள் இருப்பவர்கள் ‘அருகில்’. அதற்கு மேல் ‘தொலைவில்’. அருகில் இருப்பவர்களுக்கு நோயும் சாவும் அதிகமாக இருந்தால் மேடு கெடுதல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மேட்டின் மேல் குற்றமில்லை; இன்னும் பத்து வருடம் கொட்டலாம்.

வானத்தைப் பார்த்துத் தூரம் சொல்லும் கருவி வருவதாக இருந்தது. அது வருவதற்குள் அளவெடுப்பு முடிந்துவிட்டதால் பேராசிரியரின் காரில் வழி காட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அவள் கையில் கொடுத்தது கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம். வீட்டுக்குப் பின்னால் முட்புதர் வழியாக நேராக உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது விதி. அருகில் என்று முடிவான வீட்டுக் கதவில் சிவப்பு எண், தொலைவில் என்றால் பச்சை எண்.

அப்பா அப்போதுதான் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போக முடிவெடுத்திருந்தார். காபியை ஆற்றியபடி சொன்னார்: “செவப்பு நம்பர் போட்ட வீட்டை எவன் வாங்குவான்? ரோட்டு வழியா உருட்டும்மா. ரோடு மட்டும் தூரம் இல்லையா?”

அவள் உருட்டினாள். ஐந்நூற்று இருபது வந்தது. பச்சை எண் வந்தது. மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து, உன்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான் என்று ஆரம்பித்தாள். அடுத்த நாள் பால்காரர் வந்தார். இடுப்பில் தூக்காதவர்களும் வந்தார்கள். பத்தொன்பது வீடுகள். ஒரே வாரத்தில் தெரு முழுக்க, இருந்த இடத்தைவிட்டு அசையாமலே, தள்ளிப் போய்விட்டது.

வீடு பார்க்கப் பதினோரு பேர் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நிற்பார். வந்தவர்கள் கதவில் பச்சை எண்ணைப் பார்ப்பார்கள், திருப்தியாகத் தலையாட்டுவார்கள், பிறகு ஒரு தடவை மூச்சை இழுப்பார்கள். குடிக்கக் கொடுத்த தண்ணீரைக்கூட முடிக்காமல், வீட்டில் கலந்துகொண்டு சொல்வதாகச் சொல்லிப் போவார்கள்.

தையல்காரம்மா இப்போது அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய கை நிற்காமல் குரல் மட்டும் தாழ்ந்தது.

“கண்ணு, துக்கத்துல எதையாவது உளறி வைக்காதே. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டைப் பார்க்க ஆள் வருது.”

சொல்லி முடித்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருமினாள்.

ஆய்வின் மேற்பார்வையாளர், கைபேசியில் படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார். மரணப் படிவம் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நிரப்பப்படவேண்டும். அவள் எழுந்து போனாள். பத்து மரணங்களுக்கு அவளே நிரப்பிய படிவம். அவர் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னாள். மூச்சுத்திணறல், ஆம். கால் வீக்கம், ஆம். புகைப்பழக்கம், இல்லை. வீட்டின் தூரம் என்ற கட்டம் மட்டும் ஏற்கெனவே நிரம்பி, மாற்ற முடியாதபடி சாம்பல் நிறத்தில் இருந்தது. அவர் இரக்கத்தோடுதான் சொன்னார்: “அருகில எட்டு. தொலைவில இதுவரைக்கும் எட்டு. இப்ப அப்பாவோட ஒன்பது. அடுத்த வாரம் அறிக்கை போயிடும்மா.”

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக மேட்டின் காற்றைக் குடித்துச் செத்தவர், மேட்டின் காற்று நல்லது என்பதற்குச் சாட்சியாகப் போய்க்கொண்டிருந்தார்.

பேராசிரியர் வீட்டிலிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில், கைக்குட்டையை மூக்கருகே துக்கம்போலப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா தரையில் இருந்தாள். மகள் வந்து பேராசிரியரின் எதிரே நின்றாள்; மேற்பார்வையாளரும் பின்னாலேயே வந்தார்.

“சார், எங்க வீடு ஐந்நூத்தி இருபது இல்ல. ரோட்டு வழியா அளந்தேன். இந்தத் தெருவையே அப்படித்தான் அளந்தேன்.”

அறையில் இருந்த தெரு அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

“நீங்க துக்கத்துல இருக்கீங்க,” என்றார் பேராசிரியர். “இந்த நேரத்துல எல்லாமே நம்மாலதான்னு தோணும். இயல்புதான்.”

“அளந்தது நான்தான் சார்.”

“அளவுப் பிழை எந்த ஆய்வுலதான் இல்ல? ரெண்டு பக்கமும் சமமா வரும். ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும்.”

“இது ஒரு பக்கமாத்தான் சார் வந்திருக்கு.”

பேராசிரியர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். படிவத்தின் கடைசிக் கேள்வி, குடும்பத்தினர் வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்புகிறார்களா என்பது. மேற்பார்வையாளரின் கட்டைவிரல் ‘இல்லை’யைத் தொட்டது. பேராசிரியர் எழுந்து, இரண்டாம் கட்டம் இன்னும் ஐந்து வருடம் ஓடும், இவ்வளவு மனசாட்சியுள்ள பணியாளரை விடவே முடியாது என்று பொதுவாக அறைக்குச் சொன்னார். பிறகு வாசல்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நடந்து, காரின் கதவைச் சாத்தியபின் விட்டார்.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் எல்லாம் முடித்துத் திரும்பி வந்தபோது மணி மூன்று. தெருக்காரர்கள் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வழக்கமாக நாலு பேராவது கூட இருப்பார்கள். இன்று எல்லாருக்கும் வேலை இருந்தது.

அம்மா அப்பாவின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“நேரா அளந்தா எவ்வளவு வரும்?”

“கேட்டுக்கு நானூறு சொச்சம். ஆனா மேடு இப்ப கேட்டோடயா நிக்குது?”

“மேடு எவ்வளவு தூரத்துல இருக்கு?”

“தெரியல. அதை யாரும் அளக்கல.”

“அளந்து எழுது.”

“வேலை போயிடும்மா. தெருவும் சும்மா விடாது.”

“விடலேன்னா என்ன, எங்க போகப்போறோம். இங்கதான இருப்போம்.”

பின்கதவை இரண்டு வருடமாக யாரும் திறந்ததில்லை. தாழ்ப்பாள் துருவோடு ஒட்டிப்போயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். மகள் வேலைப் பையிலிருந்து முப்பது மீட்டர் துணி நாடாவை எடுத்தாள். கேட்காமலே அம்மா அதன் நுனி வளையத்தை வாங்கிக்கொண்டு, படியில் உட்கார்ந்து, வாசற்கல்லோடு சேர்த்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டாள்.

மகள் நாடாவை விட்டுக்கொண்டே நடந்தாள். தையல்காரம்மாவின் மாடி ஜன்னல் ஒரு விரற்கடை திறந்து, மூடிக்கொண்டது. முப்பது முடிந்ததும் ஒரு கல்லை வைத்து அடையாளம் போட்டு, அங்கிருந்து மறுபடி பிடிக்கவேண்டும் என்று நினைத்திருந்தாள். புதர் முடிந்த இடத்தில் செருப்பு எதிலோ மெத்தென்று புதைந்தது. குனிந்து பார்த்தாள். பிளாஸ்டிக் உறைகளும் சாம்பலும் கண்ணாடித் துண்டுகளும் மண்போல இறுகி, அங்கிருந்து மேலேறிப் போயின. கல் எதுவும் தேவைப்படவில்லை.

“எவ்வளவு?” என்று அம்மா கேட்டாள்.

“இருபத்தாறு.”

மகள் பேனாவை எடுத்து, உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். பிறகு நாடாவைச் சுற்றத் தொடங்கினாள். அது வரவில்லை.

“அளந்தாச்சும்மா. விடு.”

நாடா இழுத்த இழுப்பில் விறைத்தபடியே நின்றது. படியில் அம்மா தலைகுனிந்து, பெருவிரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.